பூட்டைப் பிடித்தவன் கணக்கு எங்கே?

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா கெர்னல் எல்லாம்?"

போன வாரம் அறை நண்பன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று இருக்க வேண்டியவன் லினக்ஸ் கெர்னலுக்குள் தலையை விட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் இப்போது சொல்லப் போகிற விஷயம் என்னைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் பிரச்சினையே இல்லை. சுத்தமான கணக்குப் பிரச்சினை. ஒருவன் செய்த செலவு இன்னொருவன் கணக்கில் ஏறுகிற பிரச்சினை. அதைக் கண்டுபிடிக்க பி.காம் மாணவனுக்கு முழு உரிமை உண்டு என்பது என் கட்சி :-)

முதலில் எங்கள் ஊர்த் தராசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் ஊர் தேவர்சோலை. கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகிற சாலையில் இருக்கிறது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலை. பெரிய எஸ்டேட்டுகளுக்கு நடுவில் எங்களைப் போல ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் நிறைய. பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டி, இலை வாங்குகிற இடத்துக்குக் கொண்டு போய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா போகிற இடத்தில் ஒரே ஒரு தராசு. எடை போடுவார்கள், நோட்டில் எழுதுவார்கள், அடுத்த ஆள். ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்.

ஒருநாள் ஒருவர் வந்தார். வழக்கமாக நான்கைந்து சாக்கில் கொண்டு வர வேண்டிய இலையை முப்பது நாற்பது சின்னச் சின்னப் பைகளில் கட்டிக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்து, தனியாக எழுதச் சொன்னார். வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கு வேறு ஏதாவது காரணம் இருந்ததா, தெரியாது. விதி எதையும் அவர் மீறவில்லை. ஒரு ஆள் இவ்வளவு கிலோதான் கொண்டு வரலாம் என்று வரம்பு இருந்தது. இவ்வளவு பைதான் கொண்டு வரலாம் என்று வரம்பு இல்லை.

பின்னால் வரிசை நீண்டது. சாக்குக்குள் அமுங்கிக் கிடக்கும் பச்சை இலை நேரமாக ஆகச் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கு எங்கள் முறை வந்தபோது இலை பாதி சிவந்திருந்தது. "என்னண்ணே, இலை இப்படி இருக்கு" என்று சொல்லி எடையில் கழித்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

யோசித்துப் பாருங்கள். நேரத்தை எடுத்துக் கொண்டவர் ஒருவர். நஷ்டம் எழுதப்பட்டது எங்கள் நோட்டில். அந்த ஆளின் கணக்கில் ஒரு பைசா கூடக் குறையவில்லை.

சரி, இப்போது கெர்னலுக்கு வருவோம்.

கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. நாம் பயன்படுத்தும் எந்தப் புரோகிராமும் நேரடியாக டிஸ்க்கையோ மெமரியையோ நெட்வொர்க்கையோ தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்குள் பல பொதுப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எந்தப் புரோகிராம் எதற்காகக் காத்திருக்கிறது என்பது போன்றவை. ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஒரே பதிவேட்டில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. பூட்டைப் பிடித்தவர் வேலையை முடித்து விடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்த் தராசு மாதிரியே.

லினக்ஸ் 1996இல் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்களில் ஓடத் தொடங்கியபோது (2.0 வெளியீடு) கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டுதான் இருந்தது. பெயரே 'பிக் கெர்னல் லாக்'. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சின்னச் சின்னப் பூட்டுகளாக்கி, 2011இல் 2.6.39 வெளியீட்டில்தான் முழுவதுமாக நீக்கினார்கள். பதினைந்து வருட வேலை! ஆனால் அந்த உழைப்பு பெரும்பாலும் வேகத்துக்காக நடந்தது. பூட்டைக் கேட்டு வருகிறவன் கெட்ட எண்ணத்தோடு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் பின்னால்தான் நின்றது.

கெட்ட எண்ணம் எதற்கு, விளையாட்டுத்தனமே போதும் என்பதற்கு ஒரு கதை. எங்கள் ஊர்ப் பக்கத்து லேப் ஒன்றில் எல்லா மாணவர்களும் ஒரே சர்வரில் அக்கவுண்ட் வைத்து வேலை செய்வோம். ஒருநாள் ஒரு பையன் 'ஃபோர்க் பாம்' என்று சொல்லப்படும் ஒரே வரி ஸ்கிரிப்டை எங்கிருந்தோ காப்பி அடித்து ஓட்டிவிட்டான். ஒரு புரோகிராம் இரண்டாகி, இரண்டு நான்காகி, சர்வர் மூச்சு விடாமல் நின்றுவிட்டது. லேப் சார் சர்வரை அணைத்து எழுப்பினார். பிறகு ஒரு ஆளுக்கு இத்தனை புராசஸ்தான் என்று வரம்பு வைத்தார். "இனிமே எவன் என்ன பண்ணினாலும் அவன் பங்கு மட்டும்தான் போகும் தம்பி" என்றார்.

நானும் நம்பினேன். அவர் சொன்னது பாதிதான் சரி என்று பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

லினக்ஸில் பங்கு பிரிக்கும் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. 2007 முதல் பல வருடங்கள் இருந்த ஷெட்யூலரின் பெயரிலேயே 'முழு நியாயம்' உண்டு. சி.பி.யூ நேரத்தைச் சமமாகப் பங்கிடுவது அதன் வேலை. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 வெளியீட்டில் 'சி-குரூப்' என்ற வசதி சேர்ந்தது. ஒரு குழுவுக்கு இவ்வளவு சி.பி.யூ, இவ்வளவு மெமரி என்று கட்டுப்பாடு போட அது வழி செய்தது. இன்று 'கண்டெய்னர்' என்கிறார்களே, அதற்கு இதுதான் அஸ்திவாரங்களில் ஒன்று. ஒரே இயந்திரத்தில், ஒரே கெர்னலின் மேல், ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத பல பேருடைய புரோகிராம்கள் தனித்தனி அறையில் குடியிருப்பது போல ஓடும்.

எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சி.பி.யூவுக்கு உண்டு, மெமரிக்கு உண்டு, டிஸ்க்குக்கு உண்டு. பூட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைத்தான் என்பதற்கு மட்டும் யார் பெயரிலும் கணக்கு இல்லை.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இங்கே வர இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாஸ் எடுத்து முறையாக வந்த ஒரே ஒரு வேன், குறுகலான கொண்டை ஊசி வளைவில் நின்று போட்டோ எடுத்தால் என்ன ஆகும்? எண்ணிக்கைக் கணக்கில் அது ஒரு வண்டிதான். பின்னால் நிற்பது இருநூறு வண்டி. ஆம்புலன்ஸும் அதில் இருக்கலாம்.

இதை கெர்னலில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடப்புத்தகத்தை எழுதிய ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுஸ்ஸோ தம்பதியின் குழு. என்னைப் போன்ற காமர்ஸ் ஆளுக்கே புரிகிற மாதிரி எழுதப்பட்ட புத்தகம் அது. அந்தக் குழுவில் யுவராஜ் பட்டேல் முதல் ஆசிரியராக இருந்து 2020இலும் 2022இலும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

2022 கட்டுரை காட்டும் தாக்குதலை லெட்ஜர் பாஷையில் சொல்கிறேன். பழைய கடைகளில் பேரேட்டின் முன்னால் அகரவரிசை இன்டெக்ஸ் இருக்கும். 'மு' என்றால் ஒரு பக்கம், 'ரா' என்றால் ஒரு பக்கம். வாடிக்கையாளர் பெயர்கள் பரவலாக இருந்தால் எந்தப் பக்கத்திலும் நாலைந்து பெயர்தான். தேடுவது சுலபம். கெர்னலில் 'ஹாஷ் டேபிள்' என்பது இதேதான். இப்போது ஒருவன் வந்து முருகன், முத்து, முனியன் என்று 'மு'விலேயே ஆயிரக்கணக்கில் கணக்கு திறக்கிறான். 'மு' பக்கம் நீண்டுகொண்டே போகிறது. அவன் ஒவ்வொரு முறை கணக்கு திறக்க வரும்போதும் குமாஸ்தா அந்தப் பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். பேரேடு ஒன்றுதான், பூட்டு ஒன்றுதான். 'ரா' பக்கத்து ராமசாமிக்கு அவனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் குமாஸ்தா நிமிரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஃபைல்களைப் பற்றிய தகவல் வைக்கும் ஐநோட் பதிவேடு, புரோகிராம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க உதவும் ஃபியூடெக்ஸ் பதிவேடு ஆகியவற்றில் இதைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். தாக்குபவனுக்கு ரூட் அனுமதி தேவையில்லை. கெர்னலில் ஓட்டை தேவையில்லை. பாஸ்வேர்டு திருட வேண்டாம். சாதாரண ஆளுக்கு அனுமதிக்கப்பட்ட வேலையையே கொஞ்சம் விஷமமாகச் செய்தால் போதும். பக்கத்து கண்டெய்னரில் இருக்கிறவனின் வேலை தவழ ஆரம்பிக்கும்.

இதில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடங்கள் இரண்டு.

ஒன்று, கெர்னலில் 'ஸ்பின்லாக்' என்று ஒரு வகைப் பூட்டு. அதற்குக் காத்திருக்கும் புரோகிராம் தூங்காது. "கிடைத்ததா, கிடைத்ததா" என்று சி.பி.யூவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றிய நேரம் யார் கணக்கில் ஏறும்? காத்திருந்தவன் கணக்கில்! வரிசையில் நிற்க வைத்துவிட்டு, நின்றதற்கு அவனிடமே பில் போடுகிற மாதிரி.

இரண்டு, தாக்கியவன் போன பிறகும் பாதிப்பு போகாது. 'மு' பக்கத்தை நிரப்பிவிட்டு அவன் சும்மா இருக்கிறான். அடுத்து முத்துலட்சுமி என்ற அப்பாவி தன் கணக்கைப் பார்க்க வருகிறார். நீண்டு கிடக்கும் பக்கம் முழுவதையும் அவருக்காகத் தேட வேண்டியிருக்கிறது. இப்போது பூட்டை அதிக நேரம் பிடித்திருப்பது யார் என்று பார்த்தால் முத்துலட்சுமிதான் மாட்டுவார். ஆய்வாளர்கள் இதை அப்பாவி மேல் பழி போடும் தாக்குதல் என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரே பக்கத்தில் குவிக்கும் தந்திரம் புதிதல்ல. 2003இலேயே ரைஸ் பல்கலைக்கழகத்தின் கிராஸ்பி, வாலக் இருவரும் இதை எழுதிவிட்டார்கள். 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் பி.எச்.பி, ஜாவா, பைத்தான் என்று வெப் உலகத்தில் பாதியை இதே முறையில் திணறடிக்க முடியும் என்று காட்டினார்கள். அப்போது சொன்ன தீர்வு, எந்தப் பெயர் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்பதை ரகசியமாக வைப்பது. நல்ல தீர்வு, ஆனால் முழுத் தீர்வு அல்ல. ரகசியமே தேவைப்படாத வழிகளும் உண்டு. 2020 கட்டுரையில் காட்டியது அப்படி ஒன்று. ஏராளமான ஃபைல்கள் நிரம்பிய ஒரு டைரக்டரிக்குள் பெயர் மாற்றி நகர்த்திக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராம், அந்த ஃபைல் சிஸ்டம் முழுவதற்கும் பொதுவான பூட்டை நீண்ட நேரம் பிடித்துக்கொள்ளும். காலியான டைரக்டரியில் சின்ன வேலை செய்கிற இன்னொரு புரோகிராம் பட்டினி கிடக்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இங்கேதான் காஸ்ட் அக்கவுண்டிங் வருகிறது.

2020இல் அவர்கள் சொன்ன யோசனை எளிமையானது. பூட்டு தானே கணக்கு வைத்துக்கொள்ளட்டும். யார் எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்று எழுதட்டும். அதிக நேரம் எடுத்தவன் அடுத்த முறை அதற்கேற்பக் காத்திருக்கட்டும். எங்கள் ஊர்த் தராசில் நாற்பது பைக்காரரிடம் "நாலு பை போட்டாச்சு, இப்ப வரிசை கடைசிக்குப் போங்க" என்று சொல்வது மாதிரி.

ஆனால் இது மட்டும் போதாது. முத்துலட்சுமியை நினைத்துப் பாருங்கள். பிடித்தவர் அவர்தான், காரணம் அவர் அல்ல. அதனால் 2022இல் அடுத்த படிக்குப் போனார்கள். அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'த்ராத்ரு'. காப்பவன் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். பதிவேட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்று குறித்து வைக்கும். பூட்டுக்காகக் காத்திருப்பது வழக்கத்துக்கு மாறாக நீண்டால், வரிகளைக் குவித்தவர் யார் என்று தேடும். அவர் மேலும் குவிப்பதைத் தடுக்கும். கடைசியாக, குவித்த குப்பையை நீக்கியோ ஒதுக்கியோ பதிவேட்டைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும். கவனிப்பது, கண்டுபிடிப்பது, தடுப்பது, சரிசெய்வது. நல்ல ஆடிட்டர் செய்கிற அதே நான்கு வேலை.

எங்கள் பாடத்தில் செலவைப் பிடித்தவன் தலையில் போடுவது ஒரு முறை. செலவு ஏற்படக் காரணமான வேலையைக் கண்டுபிடித்து அதன் தலையில் போடுவது இன்னொரு முறை. ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். கெர்னலுக்குள் அது உயிரோடு இருப்பதைப் பார்த்தபோதுதான் அது ஏன் பாடத்தில் இருக்கிறது என்றே புரிந்தது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. முதல் வாதம், பூட்டு என்பது கண் இமைக்கும் நேரத்தில் லட்சக்கணக்கில் திறந்து மூடப்படுவது, ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதினால் எழுதும் செலவே அதிகமாகிவிடும் என்பது. உண்மைதான். ஒரு ரூபாய்க்குக் கணக்கு வைக்க இரண்டு ரூபாய் செலவு செய்யக் கூடாது என்பது எங்களுக்கும் சொல்லித் தரப்படுவதுதான். ஆனால் எல்லாப் பூட்டுக்கும் கணக்கு வேண்டியதில்லை. வெளியாள் வேண்டுமென்றே பருக்க வைக்கக் கூடிய பொதுப் பதிவேடுகளுக்கு மட்டும் வைத்தால் போதும். குறைந்த கூடுதல் செலவில் இது முடியும் என்றுதான் அந்தக் கட்டுரை அளந்து காட்டுகிறது.

இரண்டாவது வாதம், நம்ப முடியாதவர்களை ஒரே கெர்னலில் ஏன் குடிவைக்கிறீர்கள், ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் கொடுங்கள் என்பது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பாதையில் போய்விட்டன. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் அதற்காகவே செய்யப்பட்டது. காசு இருந்தால் சரிதான். ஆனால் பகிர்ந்துகொள்வது யார் என்று பாருங்கள். ஒரு சர்வரை நூறு மாணவர்கள் பயன்படுத்தும் கல்லூரி. மலிவான ஹோஸ்டிங்கில் கடை நடத்தும் சின்ன வியாபாரி. ஒரு ஏக்கர்க்காரனிடம் "உனக்கென்று தனித் தராசு வாங்கிக்கொள்" என்று சொல்வது தீர்வா? பொதுத் தராசு நியாயமாக நடக்க வேண்டும் என்று கேட்பதுதான் முறை.

இங்கேதான் நம் ஊர் ஆட்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது.

அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியில்தான் நான் முதன்முதலில் 'பாஸ்' லினக்ஸைப் பார்த்தேன். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வருவது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசு தன் அலுவலகங்களுக்கு இதைத்தான் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி வளாகத்தில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 'பார் ஓ.எஸ்' என்ற மொபைல் சிஸ்டத்தை அறிமுகம் செய்தது. "நம் சொந்த ஓ.எஸ்" என்று செய்திகளில் வரும்போதெல்லாம் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பாஸ் லினக்ஸின் அடியில் இருப்பது உலகம் முழுவதும் ஓடும் அதே லினக்ஸ் கெர்னல். அதில் தப்பில்லை, அதுதான் திறமூலத்தின் அழகே. முகப்பைத் தமிழாக்குவதும் அவசியம், எழுத்துரு தருவதும் அவசியம். இருந்தாலும் பாதுகாப்புக்காகச் சொந்த ஓ.எஸ் என்று சொன்னால், பாதுகாப்பு முடிவாகும் இடமான கெர்னலுக்குள்ளும் நம் கை போக வேண்டாமா? சக்தி என்ற பிராசசரையே வடிவமைத்த ஐ.ஐ.டி இருக்கும் ஊர் இது. பூட்டுக்குக் கணக்கு வைக்கும் வேலையை ஒரு மாணவர் புராஜெக்டாகவாவது எடுத்து, சோதித்து, பொதுக் கெர்னலுக்கே பேட்ச் அனுப்பலாம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது, யாருடைய அனுமதியும் தேவையில்லை. கோடு திறந்தே கிடக்கிறது. அப்படி ஒரு பேட்ச் சேர்ந்தால் தேவர்சோலை லேப் சர்வருக்கும் பயன், நைரோபி சர்வருக்கும் பயன்.

அதுவரை, சர்வர் நடத்துகிற அண்ணன்மார்களுக்கு ஒன்று. மெதுவாகிவிட்டது என்று ஒரு பையன் புகார் சொன்னால், சி.பி.யூ எண்ணைப் பார்த்துவிட்டு "உன் புரோகிராம்தான் அதிகம் சாப்பிடுது" என்று அவன் மேலேயே பழியைப் போட்டுவிடாதீர்கள். அவன் காத்திருந்த நேரமாகவும் அது இருக்கலாம். எதற்காகக் காத்திருந்தான் என்று ஒரு முறை பாருங்கள். பூட்டுகளில் எங்கே நெரிசல் என்று காட்டும் கருவிகள் லினக்ஸிலேயே இருக்கின்றன.

தராசுக் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த வாரமே அங்கே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்: ஒரு முறைக்கு ஐந்து சாக்குதான், மீதி இருந்தால் மறுபடி வரிசை. அந்த ஆளும் சண்டை போடவில்லை, பெரிய சாக்கில் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். ஆனால் அன்றைக்குக் கழித்த கிலோ எங்கள் நோட்டில் கழித்தபடியேதான் இருக்கிறது.